நெட்டு காட்டின ஊர்

அந்தப் பையை மடியில வெச்சுக்குங்க தம்பி. கீழ வெச்சீங்கன்னா இந்த பஸ் திரும்பற திருப்பத்துக்கு டிரைவர் காலடிக்குப் போயிடும். நெட்டு கனெக்‌ஷன் போடறவரா நீங்க? ஜிப்பு மூடாம ஒயரும் டப்பாவும் தெரியுது, அதான் கேட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.

ஆம்பூர் தானே? நானும் அங்கதான். அப்ப நேரம் இருக்கு. உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். ஒரு வீட்டுல லைன் போட்டிருக்காங்கன்னு வெச்சுக்குங்க. வீடு ஒரு ஊர்ல இருக்கு. ஆனா எங்கயோ ஒருத்தர் போன்ல தட்டிப் பாத்தா, அந்த லைன் வேற ஊர்ல இருக்குன்னு காட்டுமா? காட்டும்ங்கறீங்க. வேற மாநிலம்கூட காட்டும்ங்கறீங்க. ஆமா, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. கம்பெனிக்காரன் பெரிய ஊர்ல எங்கயோ மெஷின் வெச்சிருப்பான், அந்த ஊர் பேரு வந்துடும்னு ஒருத்தர் சொன்னாரு. அப்ப அது என் தப்பு இல்லையே. இல்ல, சும்மா கேக்கறேன்.

எனக்குக் குடியாத்தம். தரணம்பேட்டையில பெயிண்ட் கடை. ஏகாம்பரம்னு கேட்டா சொல்லுவாங்க. பெயிண்ட், பிரஷ்ஷு, தின்னர், எல்லாம் வெச்சிருக்கேன். ஒரே பையன். தயாளன்னு பேரு. வேலூர்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை பாத்துக்கினு இருந்தான். தினம் ரயில்ல போவான், ரயில்ல வருவான். எதிர்த்துப் பேசற பையன் இல்லை. சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாகூட அவங்க அம்மாகிட்ட சொல்ல மாட்டான், எழுந்து போய் அவனே எடுத்துக்குவான். அப்படிப்பட்ட பையன்.

அந்த ரயில்லதான் பழக்கம். ஆம்பூர்லேருந்து ஒரு பொண்ணு ஏறும். வேலூர்ல ஒரு லேப்ல, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றாங்களே, அந்த வேலை. வெண்ணிலான்னு பேரு. புருஷன் செத்துட்டான், ஒரு பொட்டப் புள்ள இருக்கு. இவனைவிட வயசுல மூத்தவ. இதையெல்லாம் அவனே என்கிட்ட வந்து சொன்னான் தம்பி. கடையை மூடற நேரம், ஷட்டரை இழுக்கக் கையை வெச்சேன், அப்ப சொன்னான். அவளைத்தான் கட்டிக்கப் போறேன்னான்.

நான் கத்தலை. அதை எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், நான் கத்தலை. கடையில ரெண்டு கஸ்டமர் வேற நின்னாங்க. வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிக்கினு, உக்காந்து, மெதுவாத்தான் சொன்னேன். 'அந்தப் பொண்ணு வீட்டு வாசப்படியை என் பொணம்கூட மிதிக்காது. அவதான் வேணும்னா கண்காணாத ஊருக்குப் போயிடு. இந்தப் பக்கமே இருக்காத' அப்படின்னேன். மெதுவாத்தான் சொன்னேன்.

மரகதம், என் வீட்டுக்காரி, கையைப் பிசைஞ்சுக்கினு சமையக்கட்டு கதவுகிட்ட நின்னா. அவன் அவங்க அம்மாவைப் பாத்தான். என்னைப் பாத்தான். ரெண்டு சட்டையை எடுத்துக்கினான், சார்ஜரை எடுத்துக்கினான், போயிட்டான். ரெண்டு நாள்ல வந்துடுவான்னு நினைச்சேன். சாப்பாட்டுக்கு உப்பு கேக்காத பையன் எங்க போவான்னு நினைச்சேன்.

வரலை. போன் போட்டா அந்த நம்பரே இல்லைன்னுச்சு. வேலூர்ல அவன் ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன், வேலையை விட்டுட்டாருன்னாங்க. மரகதத்துக்குத் தனியா போன் கிடையாது. வீட்ல இருக்கறவளுக்கு எதுக்குன்னு நான்தான் வாங்கித் தரலை. அவன் எப்பவாவது பேசணும்னு நினைச்சாலும் என் போனுக்குத்தான் பேசணும். பேசலை.

மரகதம் ஒண்ணுதான் சொன்னா. 'ஆம்பூர்ல ஒரு நடை போய்க் கேட்டுட்டு வாங்களேன். ஸ்டேஷனுக்குப் பின்னால தெருன்னு சொன்னானே.' நான் சொன்னேன், அங்க இருக்க மாட்டான். நான் தூரமாப் போன்னு சொல்லியிருக்கேன், என் பேச்சை மீறி இவ்வளவு பக்கத்துல இருப்பானா? அவ விடலை. நாலு நாளைக்கு ஒரு தரம் ஆம்பூர் ஆம்பூர்னு. கடைசியில நான் சொல்லிட்டேன், அந்த வீட்டுக் கதவை நான் போய்த் தட்டினா அந்தக் கல்யாணத்துக்கு சம்மதம்னு ஆயிடும், அது உனக்குப் புரியலையான்னு. அப்புறம் அவ கேக்கறதைக் குறைச்சுக்கினா. தனியா போற பழக்கம் அவளுக்கு இல்லை. குடியாத்தம் மார்க்கெட்டுக்கே என்கூடத்தான் வருவா.

டிக்கெட்டை பத்திரமா வெச்சுக்குங்க, மாதனூர்ல செக்கிங் ஏறுவான்.

அப்பதான் தம்பி அந்த மெயில் வந்துச்சு. வீட்ல டிவில சினிமா பாக்கறோமே, மாசாமாசம் காசு கட்டி, அந்த ஆப்பு. தயாளன்தான் என் பேர்ல, என் மெயில்ல போட்டுக் கொடுத்தான். அதுலேருந்து ஒரு மெயில். உங்க கணக்குல புதுசா ஒரு டிவியில யாரோ நுழைஞ்சிருக்காங்க, நீங்கதானா, இல்லைன்னா பாஸ்வேர்டை மாத்துங்க. இடம், விஜயவாடா, ஆந்திரப் பிரதேசம்.

பாஸ்வேர்டு எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அப்ப அவன்தான். என் பையன் உயிரோட இருக்கான், விஜயவாடாவுல இருக்கான், சாயங்காலம் ஆனா டிவி பாக்கறான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பொய் சொல்லலை. ஆனா கூடவே, எப்படிச் சொல்றது, ஒரு பெருமையும் வந்துச்சு. போன்னு சொன்னேன், சொன்ன மாதிரி தூரமாவே போயிட்டான் பாரு, அப்பன் பேச்சைத் தட்டலைன்னு.

மரகதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஆப்புக்குள்ள போனா எந்தெந்த டிவியில ஓடுது, எந்த ஊர்ல ஓடுதுன்னு வரிசையா போட்டிருக்கும். உங்களுக்குத் தெரியாததா. அவ பத்தாவது வரைக்கும் படிச்சவ, இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவா. கண்ணாடியைப் போட்டுக்கினு பக்கத்துல உக்காந்தா. ரொம்ப நேரம் பாத்தா. நான் அவ அழப்போறான்னு நினைச்சேன்.

அவ ஏதோ சொன்னா. நான் கவனிக்கலை.

சரி, கவனிச்சேன். அதை அப்புறம் சொல்றேன்.

அடுத்த வாரமே காட்பாடியில ரயிலைப் பிடிச்சேன். எனக்கு தெலுங்கு வரும் தம்பி, எங்க பக்கம் பாதிப் பேரு பேசுவாங்க. ஸ்டேஷன் பக்கத்துல ஒரு லாட்ஜுல ரூம் போட்டுக்கினு, தயாளன் போட்டோவை எடுத்துக்கினு சுத்தினேன். பஸ் ஸ்டாண்டு, துணிக்கடை வரிசை, ஆபீஸுங்க, தமிழ் ஆளுங்க நடத்தற இட்லிக் கடைங்க. துர்க்கை மலைக்கு ஏறினேன். ஆத்தங்கரையில உக்காந்து வர்றவன் போறவன் மூஞ்சியெல்லாம் பாத்தேன். அவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தனைத் தேடறதுன்னா சும்மாவா.

அந்த லாட்ஜுக்காரர் ரொம்ப மரியாதையான மனுஷன். வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு, பாவம், பையனைத் தேடி அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காருன்னு. டீக்கடையில எனக்கு உக்கார ஸ்டூல் எடுத்துப் போடுவாங்க. ஒரு அம்மா, யாருன்னே தெரியாது, என் கையைப் பிடிச்சுக்கினு, 'உங்களை மாதிரி அப்பா எத்தனை பேருக்குக் கிடைக்கும்'னு அழுதாங்க. நானும் அழுதேன்.

குடியாத்தத்துக்குத் திரும்பி வந்தா இங்கயும் அப்படித்தான். முன்னெல்லாம், பையனைத் துரத்திட்டான்னு பின்னால பேசிக்கினு இருந்தவங்க, இன்னா ஏகாம்பரம், ஏதாவது தெரிஞ்சுதான்னு கடைக்கே வந்து கேட்டாங்க. துரத்தினவன் போயி தேடறவன் ஆயிட்டேன். புரியுதா தம்பி? வீட்ல இருந்தா நெஞ்சுல பாறாங்கல்லு வெச்ச மாதிரி இருக்கும். அந்த ரயில்ல ஏறிட்டா லேசா ஆயிடும். நான் எவ்வளவோ பண்றேன், கிடைக்க மாட்டேங்கறான், அதுக்கு நான் இன்னா பண்றதுன்னு தோணும்.

மறுபடியும் போனேன். மரகதத்துக்கு அப்பவே தலைசுத்தல் இருந்துச்சு. பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கினு இருந்தா. தனியா இருந்துக்குவியான்னேன், இருந்துக்கறேன்னா. அவ அப்படித்தான், எதையும் வேணாம்னு சொல்ல மாட்டா.

நடுவுல ஒண்ணு. அந்த ஆப்புல கடைசியா இன்னா பாத்தாங்கன்னு வரும் இல்ல? நான் தினம் அதைத் திறந்து பாப்பேன். அவன் பாக்கற கிரிக்கெட்டு, அவனுக்குப் பிடிச்ச பழைய காமெடிப் படம், எல்லாம் இருக்கும். என் பையன் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கற மாதிரி இருக்கும். கூடவே பொம்மைப் படம் வரும். சின்னப் பசங்க பாக்குமே, கரடியும் முயலும் பேசறது. தமிழ்ல பேசற பொம்மைப் படம். சாயங்காலம் ஆனா தினம்.

விஜயவாடாவுல யாரு தமிழ்ல பொம்மைப் படம் பாக்கப் போறாங்கன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். ஏதோ மேன்ஷன்ல தங்கியிருப்பான், கூட இருக்கறவன் புள்ளையா இருக்கும்னு நானே பதில் சொல்லிக்கினேன். மேன்ஷன்ல ஏது புள்ளைன்னு அதுக்கு மேல கேக்கலை. மரகதம்கிட்ட அந்தப் பக்கத்தைக் காட்டலை. அவளுக்கு எதுக்கு வீணா ஆசைன்னுதான்.

மூணாவது தடவை போனப்பதான் அது நடந்துச்சு. காலையில டிபன் சாப்பிட்டுக்கினு இருந்தேன், பெசரட்டு. எதிர்வீட்டு குணவதி போன் பண்ணுச்சு. அண்ணே, அண்ணி சமையக்கட்டுல விழுந்துட்டாங்க, வாய் கோணிப் போச்சு, பேச்சு வரலை, வேலூருக்குக் கொண்டு போயிருக்கோம். யாரு கூட்டிக்கினு போனாங்கம்மா, யாரு கூட இருக்கான்னு கேட்டேன். தயாளன்தான்னு சொல்லுச்சு.

எனக்குப் புரியலை. விஜயவாடாவுலேருந்து அவன் எப்படி அதுக்குள்ள வந்தான்னு கேட்டேன். அப்புறம் குணவதி மெதுவா சொல்லுச்சு. 'அண்ணே, தயாளன் ஆம்பூர்லதான் இருக்குது. எங்க வீட்டுக்காரரு வேலை செய்யற ஷூ கம்பெனியிலதான் அதுவும் இருக்குது, தினம் பாக்கறாரு. நீங்க இன்னா பண்ணுவீங்களோன்னு பயத்துல சொல்லலை. நீங்க வேற வெளியூர் வெளியூரா தேடிக்கினு இருந்தீங்க, எப்படிச் சொல்றது.'

அந்த ரயில் பயணம் இருக்கே தம்பி. சரி விடுங்க.

ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தா மரகதம் படுத்திருக்கா. வலது பக்கம் கையும் காலும் வரலை. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. வாய் அசையுது, வார்த்தை இல்லை. மூளையில பேச்சு வர்ற இடத்துலயே அடிபட்டிருக்கு, நேரத்தோட கொண்டு வந்ததால உயிர் நின்னுதுன்னு டாக்டர் சொன்னாரு. நேரத்தோட கொண்டு வந்தவன் தயாளன். குணவதி புருஷனுக்குத் தகவல் சொல்லி, அவரு தயாளனைக் கூட்டிக்கினு, கம்பெனி வண்டியிலயே குடியாத்தம் போயி, அவளைத் தூக்கிப் போட்டுக்கினு வந்திருக்காங்க. ஆம்பூர்லேருந்து குடியாத்தம் வர இந்த பஸ்ஸு போற நேரம்கூட ஆகலையாம்.

அந்த வார்டுக்கு வெளிய பெஞ்சுல நானும் அவனும் உக்காந்தோம். ஒன்றரை வருஷம் கழிச்சு. இளைச்சிருந்தான். அவன் என்னைத் திட்டுவான்னு காத்துக்கினு இருந்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் கேட்டான்.

"நீங்க பாஸ்வேர்டை மாத்தலையேப்பா. நான் அந்த டிவியில பாக்கறது உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஆம்பூர்னு காட்டும், என்னைக்காவது வருவீங்கன்னு நினைச்சேன். தெரிஞ்சும் வரலைன்னு நினைச்சேன்."

அதுக்குத்தான் தம்பி அவன் அந்த ஆப்பை விடாம வெச்சிருந்தான். அவன் வேலை செய்யற கம்பெனியில சம்பளம் வருது, தனியா ஒண்ணு போட்டுக்க முடியாதா? நான் வருவேன்னு வெச்சிருந்தான். நேரா வந்து பேசறதுக்கு அவனுக்கு வாய் இல்லை. கண்ணுல படாதேன்னு சொன்னவன் நான்தானே.

நான் போனை எடுத்துக் காட்டினேன். "விஜயவாடான்னு காட்டுச்சுப்பா. நான் அங்க போய்த் தேடிக்கினு இருந்தேன்."

அவன் போனை வாங்கிப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் என் தோள் மேல தலையை வெச்சுக்கினு அழுதான். பெரிய ஆம்பளை, ஆஸ்பத்திரி வராந்தாவுல, எல்லாரும் பாக்க. எனக்காகவாப்பா அவ்வளவு தூரம் போனீங்க, எத்தனை தடவை போனீங்கன்னு கேக்கறான். எந்த லாட்ஜு, எங்கெங்க சுத்தினீங்க, எல்லாம் கேட்டான். நான் சொன்னேன். அந்தப் பொண்ணு வெண்ணிலா பிளாஸ்க்கை எடுத்துக்கினு வந்துச்சு. அதுகிட்ட சொல்றான், நெட்டு தப்பா காட்டியிருக்கு வெண்ணிலா, அப்பா நம்மை விஜயவாடாவுல போய்த் தேடியிருக்காரு, நான் அவரைத் தப்பா நினைச்சுட்டேன்னு. அது என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

இப்ப அவன் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றான். கம்பெனியில சொல்லியிருக்கான், தெருவுல சொல்லியிருக்கான். எங்கப்பா என்னைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சாரு, பாழாப்போன நெட்டு ஊரைத் தப்பா காட்டிடுச்சுன்னு. அந்தத் தெரு மளிகைக் கடைக்காரர் என்னைப் பாத்தா எழுந்து நிக்கறாரு தம்பி.

மரகதம் அன்னைக்கு இன்னா சொன்னான்னு சொல்றேன்னேன் இல்ல.

அந்த ஆப்புல ரெண்டு டிவி போட்டிருந்துச்சு. ஒண்ணு தயாளனோடது, விஜயவாடா. இன்னொண்ணு எங்க வீட்டு டிவி. எங்க கூடத்துல, எங்க எதிர்லயே மாட்டியிருக்கற டிவி. அதுக்கு நேரா பெங்களூருன்னு போட்டிருந்துச்சு. மரகதம் அதுமேல விரலை வெச்சா. எழுத்துக் கூட்டிப் படிச்சா. அப்புறம் என்னைப் பாத்து, "நம்ம வீட்டையே பெங்களூருன்னு போட்டிருக்குதே. அப்ப அவன் ஊரும் தப்பாத்தானே இருக்கும்? ஆம்பூர்ல போய்ப் பாருங்களேன்" அப்படின்னா.

நான் பாத்தேன். பெங்களூருன்னு நல்லாவே தெரிஞ்சுது. உனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, எழுந்து போன்னேன். போனை மூடி சட்டைப்பையில போட்டுக்கினேன். அவ எழுந்து போயிட்டா.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசவே இல்லை. நானும் அந்த வரியைப் பாக்காம இருக்கக் கத்துக்கினேன். ஆப்பைத் திறப்பேன், கட்டை விரலால கீழ்வரியை மறைச்சுக்குவேன். சிரிக்காதீங்க. நிஜமாத்தான். நீங்க சிரிக்கலை, சரி.

அது ஆம்பூர்னு சரியா காட்டியிருந்தா நான் போயிருப்பேனான்னு சில சமயம் யோசிக்கறேன். போயிருப்பேன். போயிருப்பேன்னுதான் நினைக்கறேன். வேற ஏதாவது சாக்கு கிடைச்சிருக்குமோ என்னமோ.

ஆஸ்பத்திரியிலேருந்து விட்டப்ப, அம்மாவை ஆம்பூருக்குக் கூட்டிக்கினு போறேன்னு தயாளன் சொன்னான். வெண்ணிலா நர்ஸுங்ககூட பழகினது, எல்லாம் பாத்துக்கும், கை கால் பயிற்சிக்கு ஆள் வீட்டுக்கே வரும்னான். எனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது, நான் எப்படிப் பாத்துக்குவேன்? சரின்னுட்டேன். வாராவாரம் கடைக்கு லீவு விட்டுட்டு இந்த பஸ்ஸுல போவேன். ஆரஞ்சு வாங்கிக்குவேன், சாயங்காலம் திரும்பிடுவேன்.

நான்தான் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே. சொன்னது சொன்னதுதானேன்னு முதல் தடவை வெளியவே நின்னேன். உள்ள வாங்கன்னு தயாளன் கூப்பிட்டான். இருக்கட்டும்பா, காத்தாட நிக்கறேன்னேன். அவனுக்குப் புரிஞ்சுது, மறுபடி கூப்பிடலை. அடுத்த வாரம் போனா, மரகதம் கட்டிலை உள் ரூம்லேருந்து எடுத்து வாசக் கதவுகிட்ட போட்டிருக்காங்க. வெளிய எனக்கு ஒரு நாற்காலி. நான் வெளிய உக்காந்துக்கினே அவளைப் பாக்கலாம், பேசலாம். வெண்ணிலாதான் கட்டிலைத் தள்ளிப் போட்டுச்சாம். நல்ல பொண்ணு தம்பி. பெரியவங்க வார்த்தைக்கு மதிப்பு கொடுக்கத் தெரிஞ்ச பொண்ணுன்னு அப்ப நினைச்சேன். தெருவுல போறவங்க எல்லாம் அந்தக் கட்டிலைப் பாத்துக்கினு போவாங்க. உடம்பு சரியில்லாதவ, வாசல்ல. அது எனக்குத் தோணவே இல்லை.

அப்படித்தான் மாசக்கணக்கா. நான் வெளிய, அவ உள்ள. நான் கடைக் கதை பேசுவேன், அவ பாத்துக்கினே இருப்பா. கண்ணு மட்டும் நல்லா இருக்கு அவளுக்கு. அந்தக் கண்ணைப் பாத்தா நான் பேச்சை மாத்திடுவேன்.

போன வாரம் ஆரஞ்சை உரிச்சு நீட்டினேன். எட்டலை. அவ இடது கையை நீட்டினா, அதுவும் எட்டலை. கொஞ்சம் எழும்பி நீட்டினா, கட்டில்லேருந்து சரியப் பாத்தா. நான் ஓடிப் போய்ப் பிடிச்சுட்டேன். பிடிச்சு, தலகாணியைச் சரி பண்ணி, பக்கத்துல உக்காந்தப்புறம்தான் தெரியுது, நான் உள்ள இருக்கேன். செருப்பைக்கூட கழட்டலை. வெண்ணிலா வந்துச்சு. குனிஞ்சு என் காலுலேருந்து செருப்பைக் கழட்டி எடுத்துக்கினு போய் வெளிய வெச்சுட்டு, அடுப்பு வேலையைப் பாக்கப் போயிடுச்சு.

எனக்கு இன்னா ஆச்சோ தெரியலை. மரகதம் காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன். நீ அன்னைக்கே சொன்ன மரகதம். பெங்களூருன்னு காட்டினது எனக்கும் தெரிஞ்சுது. எனக்குத் தெரியும், அவன் இங்கதான் இருப்பான்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். தெரிஞ்சேதான் அங்க போனேன். இப்படித்தான் சொன்னேன்.

அவ இடது கையால என்னை அடிச்சா தம்பி. என் கை மேல, தோள் மேல, நெஞ்சு மேல. வலுவே இல்லாத கை, துணி படற மாதிரிதான் பட்டுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் பண்றோம், என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவ இல்லை. அடிச்சுக்கினே இருந்தா. தொண்டையிலேருந்து ஒரு சத்தம் வருது, வார்த்தையா வர மாட்டேங்குது. நான் நகரலை. அடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். சத்தியமா, அந்த நேரத்துல எனக்கு நல்லா இருந்துச்சு.

சத்தம் கேட்டு தயாளன் ஓடி வந்தான். நான் உள்ள உக்காந்திருக்கறதைப் பாத்தான். அம்மா அடிக்கறதைப் பாத்தான்.

"இன்னாப்பா ஆச்சு? அம்மா எதுக்கு அடிக்கறாங்க?"

அப்ப சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் மூஞ்சியைப் பாத்தேன். தேடி அலைஞ்ச அப்பன் மூஞ்சியைப் பாக்கற மாதிரி பாக்கறான் என்னை.

தெரியலைப்பான்னேன்.

அவனுக்கு அதுக்குள்ள கண்ணெல்லாம் நனைஞ்சுடுச்சு. ஓடி வந்து கட்டில்கிட்ட மண்டி போட்டுக்கினான். "பாத்தீங்களாப்பா, கையை எவ்வளவு தூரம் தூக்கறாங்க. எழுந்து உக்காரப் பாக்கறாங்க. அம்மாவுக்கு வலு வந்துருச்சு. டாக்டர்கிட்ட சொல்லணும்"னு சிரிக்கறான், வெண்ணிலாவைக் கூப்பிடறான். நான் வந்து உள்ள உக்காந்ததாலதான்னு சொல்றான்.

ஆமாம்பா, வலு வந்திருக்குன்னேன் நான்.

நான் அதைச் சொன்னதும் மரகதம் அடிக்கறதை நிறுத்திட்டா. கையை எடுத்துப் போர்வைக்குள்ள வெச்சுக்கினா.

ஸ்டாண்டு வந்துருச்சு. நீங்க முன்னால எறங்குங்க தம்பி, உங்களுக்கு வேலை இருக்கும். நான் மெதுவா வரேன்.